கலகமா, கலவரமா, கிளர்ச்சியா? ஒழுங்கு குலைவதைச் சொல்லும் தமிழ்ச் சொற்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டைக்குள் இருந்த இந்தியச் சிப்பாய்கள், தூங்கிக்கொண்டிருந்த ஆங்கிலேயப் படையினரைத் தாக்கிக் கோட்டையைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். திப்பு சுல்தானின் கொடி ஏறியது. புதிய தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது என்று வந்த உத்தரவுகள்தான் உடனடிக் காரணம். ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த குதிரைப்படை அன்றைக்கே கோட்டையை மீட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்.

இந்த ஒரே நாளைத் தமிழில் வேலூர்ச் சிப்பாய்க் கலகம் என்றும் எழுதுகிறார்கள், வேலூர்ப் புரட்சி என்றும் எழுதுகிறார்கள், வேலூர் எழுச்சி என்றும் எழுதுகிறார்கள். படிப்பவருக்கு மூன்றும் மூன்று வேறு செய்திகளைச் சொல்கின்றன. முதல் சொல்லில் மீறப்பட்டது ஓர் ஆணை. இரண்டாவதில் ஓர் ஆட்சியையே புரட்டிப்போட முயன்றார்கள். மூன்றாவதில் அடங்கிக் கிடந்தவர்கள் எழுந்தார்கள். நடந்தது மாறவில்லை, தீர்ப்பு மட்டும் மாறிவிட்டது.

செய்தி எழுதுபவர், மொழிபெயர்ப்பவர், வரலாறு படிக்கும் மாணவர், கதை எழுதுபவர் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வரும். பல ஆண்டுகள் பிறர் எழுதியதைத் திருத்தும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் நான் கைக்கொண்ட வழியைக் கீழே தருகிறேன். முதலில் நடந்ததைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், சொல்லை அதற்குப் பிறகுதான் தேட வேண்டும். மற்றதெல்லாம் இதன் விரிவுதான்.

படி 1: பெயர்ச்சொல்லைத் தள்ளிவைத்து, வினைச்சொல்லில் எழுதிப் பாருங்கள்

கலவரம், வன்முறை, கிளர்ச்சி என்று எதுவும் போடாமல், யார் யாரை என்ன செய்தார்கள் என்பதை மட்டும் நான்கைந்து சிறு வாக்கியங்களில் எழுதுங்கள். "ஊர்வலம் சாலையை மறித்தது. போலீஸ் கலைந்துபோகச் சொன்னது. கூட்டத்திலிருந்து கல் வந்தது. போலீஸ் தடியால் அடித்தது. இரண்டு பஸ்கள் எரிந்தன. யார் எரித்தார்கள் என்று தெரியவில்லை."

சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் தெரிந்ததும் தெரியாததும் இங்கேதான் பிரிகின்றன. "கலவரம் வெடித்தது" என்று எழுதியிருந்தால் அந்தக் கடைசி வாக்கியம், அதாவது தெரியவில்லை என்ற உண்மை, காணாமல் போயிருக்கும்.

படி 2: அளவைப் பாருங்கள்

இதில் தமிழுக்குப் பஞ்சமே இல்லை. வாய்ச்சண்டை, தகராறு, தள்ளுமுள்ளு, கைகலப்பு, அடிதடி, மோதல் என்று கிட்டத்தட்ட ஒரு ஏணியே இருக்கிறது. வாயோடு நின்றால் வாய்த்தகராறு. உடம்பு உரசினால் தள்ளுமுள்ளு. கை ஓங்கினால் கைகலப்பு. இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று எதிர்கொண்டால் மோதல். அவைக்குள் உறுப்பினர்கள் கத்தினால் அமளி. குடித்துவிட்டு ஒருவர் சத்தம் போட்டால் ரகளை. அதற்குக் கலவரம் என்று பெயர் வைக்கக் கூடாது.

இந்த வரிசையில் சில சொற்கள் நெடுந்தூரம் நடந்து வந்தவை. களேபரம் என்றால் முதலில் உடல், பிணம் என்றுதான் பொருள். இன்று கூச்சல் குழப்பத்துக்குச் சொல்கிறோம். அட்டகாசம் உரத்த சிரிப்பாகத் தொடங்கி, அடாவடியாக மாறி, இப்போது "சமையல் அட்டகாசம்" என்று பாராட்டாகவும் ஆகிவிட்டது. அதனால் "ரவுடிகள் அட்டகாசம்" என்று இன்று எழுதினால் ஒரு கணம் எந்தப் பொருள் என்று தடுமாற நேரிடும். அட்டூழியம் என்ற சொல்லுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

படி 3: இரு பக்கமா, ஒரு பக்கமா என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

கலவரம் என்ற சொல்லின் வேலை, எல்லாம் கலங்கிக் கிடந்தது என்று சொல்வது. மனத்துக்கும் அதையே சொல்கிறோம்: "அவள் முகத்தில் கலவரம் தெரிந்தது." கலங்கிய நீரில் எந்தத் துளி எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அதனால் யார் தாக்கினார்கள், யார் தாக்கப்பட்டார்கள் என்று சொல்லாமலே இந்தச் சொல்லால் வாக்கியத்தை முடித்துவிடலாம். இரு தரப்பும் மாறி மாறித் தாக்கிக்கொண்டு, முதல் கல் எங்கிருந்து வந்தது என்பதே குழம்பிக் கிடக்கும்போது கலவரம் நேர்மையான சொல். ஒரு தரப்பு தாக்க, இன்னொரு தரப்பு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போது அது நேர்மையான சொல் அல்ல.

1983 ஜூலையில் இலங்கையில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்தின் திருநெல்வேலியில் 13 ராணுவத்தினர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கொழும்பில் தொடங்கிப் பல ஊர்களில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. தாக்கியவர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளை அடையாளம் கண்டார்கள். வெலிக்கடைச் சிறையில் இரண்டு நாள்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். நீண்ட காலம் இதற்கு இனக்கலவரம் என்ற பெயரே அச்சில் ஓடியது. ஆடிக் கலவரம் என்றும் சொன்னார்கள். பட்டியலைப் பார்த்து வீடு வீடாகப் போனதில் கலங்கியது என்ன இருக்கிறது? கறுப்பு ஜூலை, இனப்படுகொலை, இனவழிப்பு என்ற சொற்கள் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவைதான்.

இன்னொன்று, கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதில் மிகுதி. அதற்கு முன் ஊரில் தகராறு இருந்தது உண்மை, மோதல் இருந்ததும் உண்மை. ஆனால் அந்த இரவின் பெயர் தகராறும் அல்ல, மோதலும் அல்ல. அது படுகொலை.

பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் பெயரையும் கேட்டுப் பாருங்கள். 1899இல் சிவகாசியில் நாடார்கள் மீது நடந்த தாக்குதலை ஆங்கில ஆவணங்கள் கலவரம் என்று பதிந்தன. அந்தச் சமூகத்தின் நினைவில் அது சிவகாசிக் கொள்ளை. கொள்ளை என்று சொன்னால் உடனே கொள்ளையடித்தவர் யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது. கலவரம் என்றால் வருவதில்லை.

ஆக, கேட்க வேண்டியவை மூன்று. காயம் இரு பக்கமும் ஏறக்குறைய சமமா? தாக்கியவர்கள் ஆளைத் தேர்ந்தெடுத்துத் தாக்கினார்களா? தடுக்க வேண்டியவர்கள் தடுத்தார்களா? விடை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் தாக்குதல், சூறையாடல், கொள்ளை, படுகொலை என்ற சொற்களுக்குள் தேடுங்கள்.

படி 4: அதிகாரத்தை எதிர்த்ததா? அப்படியானால் எவ்வளவு தூரம்?

கலகம், கிளர்ச்சி, எழுச்சி, புரட்சி நான்கையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் தெளிவான இடம் உண்டு.

கலகம் என்பது கீழ்ப்படிய வேண்டிய இடத்தில் இருப்பவர் கீழ்ப்படிய மறுப்பது. படைக்குள் நடந்தால் இதுவே சரியான சொல். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் இந்தியக் கடற்படையினர் தொடங்கியதைக் கப்பற்படைக் கலகம் என்று சொல்வதில் இழிவு ஏதும் இல்லை. ஆணையிட்டவனின் ஆணையை மறுத்தார்கள் என்ற செய்தி மட்டுமே இருக்கிறது. அரசு அதிகாரி வாயில் கலகக்காரன் என்பது வசை. ஆனால் "கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும்" என்று சொன்னவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். இலக்கியத்தில் கலகக்குரல் என்றால் முழுக்க முழுக்கப் பாராட்டு.

கிளர்ச்சி இரண்டு காலங்களில் இரண்டு பொருள் தந்த சொல். கிளர்தல் என்றால் மேலெழுதல், பொங்குதல். அதனால்தான் மனக்கிளர்ச்சி என்கிறோம். 1930கள் முதல் 1960கள் வரை தமிழ்நாட்டு மேடைகளில் கிளர்ச்சி என்றால் ஊர்வலம், மறியல், சிறை நிரப்புதல். இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி என்று இயல்பாக எழுதினார்கள், ஆயுதம் என்ற எண்ணமே அதில் இல்லை. இன்றைய செய்தித் தமிழில் கிளர்ச்சியாளர்கள் என்றதும் துப்பாக்கி ஏந்தியவர்கள்தான் கண்முன் வருகிறார்கள். ஏமனின் ஹூதிகள் ஓர் எடுத்துக்காட்டு. பழைய பொருளின் இடத்தைப் போராட்டம் பிடித்துக்கொண்டது. ஆகவே பழைய பத்திரிகையிலிருந்து மேற்கோள் எடுக்கும்போது கிளர்ச்சியைக் கிளர்ச்சியாகவே விட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். இன்றைய ஆயுதப் போரைப் பற்றி எழுதும்போது ஆயுதக் கிளர்ச்சி என்று முழுதாகவே எழுதிவிடலாம். 1800-1801இல் மருது சகோதரர்கள் உள்ளிட்ட பாளையக்காரர்கள் கும்பினிக்கு, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, எதிராகத் திரண்டதைத் தென்னிந்தியக் கிளர்ச்சி என்பதும் இந்தப் பொருளில்தான். 1801 ஜூன் 16 அன்று திருச்சியில் ஒட்டப்பட்ட ஜம்புத்தீவுப் பிரகடனம் எல்லாச் சாதியினரையும் வெள்ளையருக்கு எதிராக எழச் சொன்னது. ஓர் ஆணையை மறுப்பதோடு நிற்காமல் ஓர் ஆட்சியையே மறுத்ததால், அதற்குக் கலகம் என்ற சொல் சிறியது.

எழுச்சி ஆயுதத்தைப் பற்றி எதுவும் சொல்லாது, எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லும். பெருந்திரளாக, பெரும்பாலும் மேலிருந்து வந்த கட்டளை இல்லாமல் மக்கள் எழுந்தால் எழுச்சி. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானதும் மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன, அரசுக் கட்டடங்கள் தாக்கப்பட்டன, போலீஸ் சுட்டது. அன்றைய அரசின் பதிவில் அது கலகம். இன்று வரலாற்றில் திருநெல்வேலி எழுச்சி என்றே நிற்கிறது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்டதும், 2022இல் இலங்கையில் ஜனாதிபதியை நாட்டைவிட்டுப் போகவைத்ததும் இந்தச் சொல்லுக்குப் பொருந்தும்.

புரட்சிதான் நாம் மிகவும் தேய்த்துவிட்ட சொல். புரள், புரட்டு என்ற வேரிலிருந்து வந்தது. அடியிலிருப்பது மேலே வர வேண்டும். பாரதி 1917 ரஷ்யாவைப் பற்றி யுகப்புரட்சி என்று பாடியபோது அந்த முழுப் பொருளும் அதில் இருந்தது. அப்புறம் பசுமைப் புரட்சி, வெண்மைப் புரட்சி வந்தன. அவை உருவகம் என்று எல்லோருக்கும் தெரியும், சரி. அரசியல் தலைவர்களின் பட்டங்களிலும் புரட்சி சேர்ந்தது. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது ராணுவப் புரட்சி என்ற வழக்கு. 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம், தேர்தலில் வென்றவர்களைச் சிறைவைத்து ஆட்சியைப் பிடித்தது. அங்கே அடியிலிருந்தது எதுவும் மேலே வரவில்லை. மேலே இருந்த துப்பாக்கி இன்னும் மேலே போனது. அதற்கு ராணுவ ஆட்சிக்கவிழ்ப்பு என்ற நல்ல சொல் இருக்கிறது. "ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது" என்று எழுதினால் இன்னும் நல்லது. புரட்சி என்ற சொல்லை அந்தத் தளபதிகளுக்குக் கொடுக்க நமக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

படி 5: ஒழுங்கைக் குலைத்தது மேலே இருப்பவரா?

ஒழுங்கு குலைகிறது என்றாலே கீழே இருப்பவர்கள்தான் குலைக்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறோம். தமிழ் அப்படி நினைப்பதில்லை. அராஜகம் என்ற சொல்லைப் பாருங்கள். வடமொழியில் அதன் பொருள் அரசன் இல்லாத நிலை. அரசன் இல்லாவிட்டால் பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் என்று பழைய நூல்கள் அஞ்சின. ஆனால் நாம் இன்று "போலீஸ் அராஜகம்", "ஆளுங்கட்சி அராஜகம்" என்று எழுதுகிறோம். அரசன் இல்லாத கேட்டைச் சொன்ன சொல், அரசனே செய்யும் கேட்டைச் சொல்லும் சொல்லாகப் பொருள் மாறிவிட்டது. இதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். அதிகாரத்தில் இருப்பவன் விதியை மீறினால் விதியே இல்லாமல் போகிறது என்று பேச்சுவழக்கு கண்டுகொண்டதன் அடையாளம் அது. "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு" என்று வள்ளுவரும் இதையே பார்த்தார்: செங்கோல் பிடித்தவன் குடிகளிடம் பிடுங்குவது, வேல் பிடித்த வழிப்பறிக்காரன் "கொடு" என்பதற்குச் சமம்.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூதோன் 1840இல் தன்னுடையது என்று அறிவித்துக்கொண்ட அனார்க்கிசம் என்ற அரசியல் கொள்கையை, அதாவது அரசே வேண்டாம் என்பதை, அராஜகவாதம் என்று மொழிபெயர்த்தால் தமிழ் வாசகர் அடாவடிக் கொள்கை என்று புரிந்துகொள்வார். அங்கே அரசின்மைவாதம் என்று எழுதுங்கள்.

அதிகார மீறலுக்கு வேறு சொற்களும் இருக்கின்றன. ஓர் எல்லையைத் தாண்டினால் அத்துமீறல். எதிர்ப்பை நசுக்கினால் அடக்குமுறை. ஆட்சி முழுவதுமே கெட்டிருந்தால் கொடுங்கோன்மை.

குறும்பு என்ற சொல்லையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நல்ல நாட்டில் என்ன இருக்கக் கூடாது என்று 735ஆம் குறள் அடுக்குகிறது: பல்குழு, பாழ்செய்யும் உட்பகை, வேந்தனை அலைக்கழிக்கும் கொல்குறும்பு. அன்றைக்குக் குறும்பு என்றால் கொலைத்தொழில் கொண்ட குறுநிலக் கூட்டம். இன்று குழந்தை சுவரில் கிறுக்குவது குறும்பு. கொல்லும் சொல் கொஞ்சும் சொல்லாக மாறியிருக்கிறது. பழைய பாட்டைப் படிக்கும்போது இன்றைய பொருளை ஏற்றிவிடாதீர்கள்.

படி 6: சட்டத்தின் சொல்லா, தெருவின் சொல்லா?

சட்டமறுப்பு, சட்டமீறல் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பு அள்ளியது சட்டமறுப்பு: பகலில், எல்லோர் முன்னிலும், தண்டனையை ஏற்றுக்கொண்டு மீறுவது. மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பார்ப்பது சட்டமீறல். சட்டவிரோதம் என்பது குறிப்பிட்ட ஒரு செயலைப் பற்றியது. சட்டமே செல்லாத நிலைக்குச் "சட்டம் ஒழுங்கு சீர்குலைவு" என்ற அலுவலகத் தொடர் இருக்கிறது.

கூட்டத்துக்கும் சட்டத்தில் கணக்கு உண்டு. தவறான பொது நோக்கத்தோடு 5 பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால்தான் இந்தியச் சட்டத்தில் சட்டவிரோதக் கூட்டம். நான்கு பேர் சேர்ந்ததை அப்படி எழுதக் கூடாது.

ராஜத்துரோகமும் தேசத்துரோகமும் ஒன்றல்ல. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870இல் சேர்ந்த 124ஏ பிரிவு, அரசின் மீது வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கியது, 1908இல் வ.உ.சி.யை அது சிறைக்கு அனுப்பியது. அது அரசைப் பற்றியது, தேசத்தைப் பற்றியது அல்ல. உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் அதை நிறுத்திவைத்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவு இல்லை. நாட்டின் இறையாண்மை, ஒற்றுமைக்கு ஆபத்து விளைவிக்கும் செயல்களைச் சொல்லும் 152ஆம் பிரிவு இருக்கிறது. எந்த வழக்கானாலும் பிரிவைப் பார்த்துச் சொல்லை எழுதுங்கள். அரசைத் திட்டியவரைத் தேசத்துரோகி என்று எழுதுவது அவருக்குச் செய்யும் பெரிய அநியாயம்.

கூட்டம் கூடுவதைத் தடுக்கப் போடும் 144 தடை உத்தரவு இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163ஆம் பிரிவு. மக்கள் வாயில் இன்னும் 144தான். ஊரடங்கு என்பது வேறு, வீட்டைவிட்டு வெளியே வரவே தடை. 2020க்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு நோய்க்காலப் பொது முடக்கம் என்ற பொருளும் சேர்ந்துவிட்டதால், கலவர நேரத்தைப் பற்றி எழுதும்போது காரணத்தையும் ஒரு சொல்லில் சேர்த்துவிடுங்கள்.

படி 7: ஆளுக்கு இடும் பெயரைக் கடைசியில் இடுங்கள்

செயலுக்குத் தவறான பெயர் வைத்தால் திருத்திக்கொள்ளலாம். ஆளுக்கு வைத்த பெயர் ஒட்டிக்கொள்ளும். தீவிரவாதி என்ற சொல்லுக்கு நடந்ததைப் பாருங்கள். 1907இல் சூரத்தில் காங்கிரஸ் உடைந்தபோது திலகர் பக்கம் நின்றவர்களுக்குத் தீவிரவாதிகள் என்று பெயர், எதிர்ப்பக்கம் மிதவாதிகள். பாரதியும் வ.உ.சி.யும் அந்தப் பொருளில் தீவிரவாதிகள். இன்றைய பொருளோடு பாடப்புத்தகத்தைப் படிக்கும் பிள்ளைகள் குழம்பித்தான் போவார்கள். போராளி என்ற சொல் ஈழத்து எழுத்தில் ஆயுதம் ஏந்தியவரைக் குறித்தது. தமிழ்நாட்டில் மனு எழுதி வழக்குப் போடுபவரும் சமூகப் போராளிதான். வாசகர் எந்தக் கரையில் இருக்கிறார் என்று யோசித்து எழுதுங்கள்.

சமூக விரோதி, விஷமி என்ற இரண்டையும் பெயர் தெரியாதவர்களுக்குப் போட வேண்டாம். யார் என்றே தெரியாதபோது அவர் சமூகத்துக்கு விரோதி என்பது மட்டும் எப்படித் தெரிந்தது? "அடையாளம் தெரியாதவர்கள்" என்றால் போதும்.

படி 8: வினையைச் சரிபாருங்கள்

பெயர்ச்சொல்லை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தாலும் வினை அதைக் கெடுத்துவிடலாம். கலவரம் வெடித்தது, வன்முறை மூண்டது, பதற்றம் நிலவுகிறது. எல்லாம் தானாக நடப்பவை போல இருக்கின்றன, மழை பெய்வதைப் போல. "துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் பலியாகினர்" என்று 2018 தூத்துக்குடியைப் பற்றி எழுதலாம். "போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள்" என்றும் எழுதலாம். இரண்டாவதில் சுட்டவர் வாக்கியத்துக்குள் இருக்கிறார். "லேசான தடியடி" என்று எழுதுவதற்கு முன், அடி வாங்கியவருக்கும் அது லேசாக இருந்ததா என்று கேளுங்கள்.

இனி முதல் படியில் எழுதிய சிறு வாக்கியங்களுக்கே திரும்புவோம். அதே நிகழ்வு வழக்கமான செய்தி நடையில் இப்படி வந்திருக்கும்: "பேரணியில் கலவரம் வெடித்தது. சமூக விரோதிகள் ஊடுருவி இரண்டு பஸ்களுக்குத் தீ வைத்தனர். போலீசார் லேசான தடியடி நடத்தி நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவந்தனர்."

எட்டுப் படிகளையும் கடந்து வந்தால் இப்படி வரும்: "சாலை மறியலில் ஈடுபட்டவர்களைப் போலீசார் கலைந்துபோகச் சொன்னார்கள். கூட்டத்திலிருந்து சிலர் கல் வீசியதும் போலீசார் தடியடி நடத்தினார்கள். இரண்டு பஸ்கள் எரிந்தன. தீ வைத்தவர்கள் யார் என்று இதுவரை தெரியவில்லை."